ஒரு பை டீயும் ஷப்னத்தின் சைக்கிளும்

மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் அய்யூப்பின் ரொட்டிக் கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசிக்கொண்டே, கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடமும் ரோட்டில் போகிறவரிடமும் ஒரே சமயத்தில் பேசக்கூடிய மனுஷன். காற்பந்து, டயர் விலை, யார் வீட்டுப் பிள்ளை எந்த யுனிவர்சிட்டியில் என்ன படிக்க வேண்டும் என்பது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். அதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியையும் சரியென்று எதிராளி ஒத்துக்கொள்ளும்வரை ஆளை எழுந்து போக விடமாட்டார்.

டீ விஷயத்தில் மட்டும் அவரிடம் யாரும் வாதம் பண்ணுவதில்லை. ஆறிப்போன டீயை அவர் டீ என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். பேச்சு சுவாரஸ்யத்தில் யாராவது கிளாஸை அப்படியே வைத்துவிட்டால், கேட்காமலேயே எடுத்துக் கொட்டிவிட்டு வேறு போடச் சொல்வார். அந்த இரண்டாவது கிளாஸுக்குக் காசு கிடையாது. "ஆறுன டீ குடிக்கிறதுக்கு கொழாய்த் தண்ணி குடிக்கலாம்லா" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், பெற்ற மகளுக்கு ஓர் எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிக் கொடுக்க முடியாமல் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் அலைந்தார். முடியாமல் என்று சொல்வதுகூடத் தப்பு. மனசில்லாமல்.

மகள் ஷப்னத்துக்குப் பதினாறு வயது. பேட்மிண்டனில் இரட்டையர் ஆட்டம் ஆடுகிறாள். ஜோடி, கூடப் படிக்கும் தமன்னா. இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் எதிரே நிற்பவர்கள் பந்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி நடக்கிற மண்டபம், தாமான் குடியிருப்பு வீடுகளையெல்லாம் தாண்டி, மேம்பாலம் ஏறி இறங்கினால் வரும். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, வாப்பாவின் வேனில் அங்கே போக வேண்டும். பயிற்சி தொடங்குவது சரியாக டீ நேரத்தில்.

டீ நேரம் என்றால் ரொட்டிக் கடையில் என்னவென்று தெரியும்தானே. தொழிற்சாலை ஷிஃப்ட் விட்டு ஒரு கூட்டம், லோரியை ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு கூட்டம், ஸ்கூல் பிள்ளையை ஏற்றிவந்த கையோடு இன்னொரு கூட்டம். ஷப்னம் ராக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"வாப்பா, மணி என்னா தெரியுமா?"

"தெரியும், தெரியும். இந்த ஒரு ரொட்டி தெலூருக்கு மட்டும் முட்டைய ஊத்திப் போட்டுட்டு வந்துட்டேன்."

"இந்த ஒரு ரொட்டியத்தான் நீங்க முந்தாநாள்லேர்ந்து போடுறீங்க."

கடைசியில் அவர் கையில் ஒட்டிய மாவோடு வேனைக் கிளப்பி, அவளைக் கொண்டுபோய் இறக்கும்போது அங்கே தமன்னா சுவரோடு பந்தடித்துக்கொண்டிருப்பாள். பயிற்சியாளர் மலர் டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஷப்னம், நீ நல்லா ஆடுற, இல்லேன்னு சொல்லல. ஆனா ஆடுறதுக்கு மொதல்ல வரணும். இன்னும் ஒரு தடவ லேட்டா வந்தியோ, தமன்னாவோட வேற ஆளப் போட்டுருவேன். அழுதாலும் மாத்தமாட்டேன்."

ஷப்னம் அழவில்லை. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னாள். உம்மா ரம்லத் கடையின் கல்லாவில் உட்காருகிறவள். கார் ஓட்டத் தெரியாது. முன்பின் தெரியாதவர் காரில் மகளைத் தனியாக ஏற்றி அனுப்பவும் மாட்டாள். சாதா சைக்கிளில் அந்த வெயிலில் மேம்பாலம் ஏறிப் போனால், ஆடுவதற்குக் காலில் தெம்பு மிஞ்சாது. தமன்னாவின் அம்மா கொஞ்ச நாளைக்குச் சுற்றி வந்து ஏற்றிப் போவதாகச் சொன்னார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு வேலையில் ஷிஃப்ட் மாறுகிறது. ஆக எலெக்ட்ரிக் சைக்கிள் என்று முடிவானது. லோரி ரோட்டுப் பக்கமே தலைவைக்காமல் தாமானுக்குள் புகுந்து போக வேண்டும் என்பது ரம்லத்தின் நிபந்தனை. மகள் தலையாட்டினாள். அய்யூப்பும் எல்லோருக்கும் முன்னால் தலையாட்டினார்.

ஆனால் தலைதான் ஆடியது, மனசு ஒப்பவில்லை.

பிள்ளை எழுந்திருக்கும் முன்பே அவர் கடைக்கு வந்துவிடுவார். கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போது பிள்ளை தூங்கியிருக்கும். நாளெல்லாம் ஊர் உலகத்தோடு பேசுகிற மனுஷனுக்கு மகளோடு பேசக் கிடைப்பது அந்த வேன் பயணம் ஒன்றுதான். வெங்காய மூட்டை வாசத்துக்கு நடுவே ஷப்னம் காலைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டுவாள். எந்த டீச்சருக்குக் கோபம், யார் யாரோடு பேசுவதில்லை, கேன்டீனில் நாசி லெமாக்கில் எவ்வளவு சின்ன முட்டைத் துண்டு வைத்தார்கள், எல்லாம் வரும். சிக்னலில் நின்றால் தாளில் சுற்றிக் கொண்டுவந்த கறிபாப்பை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்பார்கள். அந்த நேரத்தில் அய்யூப் பேசவே மாட்டார். "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். சொன்னால் கடையில் யாரும் நம்பமாட்டார்கள்.

சைக்கிள் வந்துவிட்டால் அது போய்விடும். இதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கம். மகளுடைய இடமே பறிபோகப் போகிறது, தகப்பன் போய் 'எனக்குப் பேச்சுத் துணை போயிடும்' என்று சொல்ல முடியுமா?

முதல் கடை கிள்ளானில், கண்ணாடி போட்ட பெரிய கடை. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கடையில் அய்யூப் நடந்துகொண்டது நியாயம்தான். விற்பனைக்கு நின்ற பையன், பளபளவென்று மோட்டார் சைக்கிள் மாதிரி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், இதுக்கு மிதிக்கவே வேணாம். கைப்பிடிய லேசாத் திருகுனாப் போதும், பறக்கும்."

அய்யூப்பின் கையில் வழக்கம்போல ஒரு பை டீ இருந்தது. அவர் எங்கே போனாலும் கடை டீயைத்தான் கையோடு கொண்டுபோவார். அதுவும் 'இக்காட் தெப்பி' முறையில் கட்டிய பிளாஸ்டிக் பை. பையின் வாயில் ஓர் ஓரத்தை ஸ்ட்ரா போகிற அளவுக்குத் திறந்துவிட்டு, மறு ஓரத்தைக் கயிற்றால் கட்டி, தொங்கவிட வளையம் வைப்பது. கையில் அப்படி ஒன்று இருந்தால் மாட்டுவதற்கு ஓர் இடம் தேடுவது மலேசியாவில் பிறந்த எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த சைக்கிளின் கைப்பிடியில் மாட்டினார். ஷப்னம் ஏறி உட்கார்ந்து லேசாகத்தான் திருகினாள். வண்டி திடுக்கென்று பாய்ந்தது. டீ பாதி, பக்கத்தில் நின்ற பையனின் வெள்ளைச் சப்பாத்தில்.

"பறக்கும்னு சொன்னியே தம்பி, டீயில்ல பறக்குது" என்றார் அய்யூப். "சரி, இந்த மாதிரி திருகி ஓட்டுறதுக்கு லைசென்ஸ் கேப்பாங்களே?"

"யாரும் கேக்கமாட்டாங்க அங்கிள்."

"நான் கேக்குறேன்லா."

வெளியே வந்தார்கள். தகப்பன் சொன்னது சரி என்று ஷப்னத்துக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் திடீரென்று ஒரு தெளிச்சி வந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"இனிமே இதுதான் டெஸ்ட்டு. டீ சிந்தாத சைக்கிள்தான் பாதுகாப்பான சைக்கிள். சிந்துச்சா, வேணாம்."

அடுத்தடுத்த நாட்களில் அந்த டெஸ்ட்டை வைத்துக்கொண்டு மனுஷன் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. செராஸில் ஒரு கடை. மிதிக்கத் தொடங்கியதும் மோட்டார் சற்று முந்திக்கொண்டு இழுத்தது. நாலு சொட்டு சிந்தியது. வேணாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை. ஷப்னம் நடைபாதை ஓரக்கல்லில் ஏற்றி இறக்கினாள், சிந்தியது. கல்லில் ஏற்றினால் தட்டில் வைத்த டீயே சிந்தும். அதெல்லாம் காதில் வாங்கவில்லை. வேணாம். அதே தெருவில் இன்னொரு வண்டி. டயருக்குப் பக்கத்தில் ஈரமாக ஒரே ஒரு சொட்டு.

"அது என் வேர்வ வாப்பா!"

அய்யூப் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "சீனி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஷப்னம் முதலில் சிரித்தாள், அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கடைசியாகத் திரும்பி வரும்போது வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஷா ஆலாம் தாண்டி வரும்வரை அய்யூப் இரண்டு தடவை "அப்புறம்?" என்று கேட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்ல வாப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதற்காக அவர் இந்த ஆட்டமெல்லாம் போட்டாரோ, அதுவே அன்றைக்கு வேனில் இல்லை.

ரம்லத்துக்கு விஷயம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. மறுநாள் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து, சில்லறையை அடுக்கியபடியே பேச்சை எடுத்தாள்.

"என்னாங்க, அந்த டீப் பைய உங்க வேன்ல மாட்டிக்கிட்டு இந்த ரோட்ட ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. சிந்தாம வந்தீங்கன்னா நான் என் பேர மாத்திக்கிறேன்."

"வேன் வேற, சைக்கிள் வேற."

"புள்ள தனியாப் போயிருவாளேன்னு இருக்கு உங்களுக்கு. அத வாயத் தொறந்து சொல்லுங்க. பாவம், சைக்கிள் மேல ஏன் பழி போடுறீங்க?"

அய்யூப் கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ரொட்டி கருகுது" என்றார். கல்லில் ரொட்டியே இல்லை. டீப் பட்டறையில் நின்ற ஷாஹுல், இரண்டு குவளைகளுக்கு நடுவே டீயை ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றிக்கொண்டே சிரிப்பை அடக்கினான். அய்யூப்பிடம் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவன், டீ மாஸ்டர். அவன் தலைக்குப் பின்னால், ஸ்டோர் ரூம் வாசலில், ராக்கெட் பையோடு ஷப்னம் நின்றுகொண்டிருந்ததை அய்யூப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாலாக் செலாத்தான் போனார்கள். கடைசி வாய்ப்பு அதுதான். மறுநாள் திங்கள்கிழமை பயிற்சி, தமன்னாவின் அம்மா இனி வரமாட்டார். கிளம்பும்போது டீப் பையை ஷப்னமே ஷாஹுலிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இன்னொரு பைக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். "சூடா இருக்கு வாப்பா, நான் புடிச்சுக்கிறேன்" என்றாள். எப்போதும் இல்லாத அக்கறை. அய்யூப்புக்கு அதில் எதுவும் தோன்றவில்லை.

பழைய கடைவீடுகள் வரிசையில் ஒரு சின்ன சைக்கிள் கடை. கடைக்காரர் பெயர் கமலநாதன். அதிகம் பேசமாட்டார், ஆனால் பேசினால் அதில் கொஞ்சம் குத்தல் இருக்கும்.

"வாங்க பாய். டீ டெஸ்ட் வைக்கிற ஆள் நீங்கதானா? செராஸ்ல இருக்கிற நம்ம கூட்டாளி போன் பண்ணிச் சொன்னாரு."

அய்யூப் கொஞ்சம் பெருமையாகவே தலையாட்டினார்.

கமலநாதன் முதலில் ஷப்னத்தை ஏற இறங்கப் பார்த்தார். பளபளப்பாக இருந்த இரண்டை ஒதுக்கிவிட்டு, பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தார். அவளை ஏறி உட்காரச் சொல்லி, இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா என்று பார்த்து, சீட்டை ஒரு விரல்கடை இறக்கினார்.

"இது மிதிச்சாத்தான் ஓடும் பாய். காலு எவ்வளவு அழுத்துதோ அந்த அளவுக்குத்தான் மோட்டார் கைகொடுக்கும். திடுக்குன்னு இழுக்காது. மேட்டுல ஏறுறப்ப யாரோ பின்னாடி கைவச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு அளவுக்கு மேல வேகம் போனா மோட்டார் தானா நின்னுரும். லைசென்ஸ் பிரச்சன இல்ல."

"பிரேக்கு?"

"முன்னாடி, பின்னாடி ரெண்டும் டிஸ்க்கு. மழையிலயும் புடிக்கும்."

"பேட்டரி?"

"கழட்டி வீட்டுக்குள்ள கொண்டுபோய் சார்ஜ் போட்டுக்கலாம். இதோட வர்ற சார்ஜர்லதான் போடணும், கண்டதுல போடக்கூடாது. படுக்கிறப்ப போட்டுட்டுத் தூங்கிறாதம்மா, கண் முன்னாடி இருக்கிறப்பப் போடு."

அய்யூப் இன்னும் ஏதாவது கேட்கலாமா என்று யோசித்தார். டயரை அமுக்கினார். மணியை அடித்தார். விளக்கைப் போட்டு அணைத்தார். ஹெல்மெட்டுக்கு என்ன விலை, சங்கிலி துருப்பிடிக்குமா, பச்சை தவிர வேறு நிறம் உண்டா என்று கேட்டார். கமலநாதன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். குற்றம் சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. மிச்சம் இருந்தது டீதான்.

"ஓட்டிப் பாரும்மா" என்றார் அரைமனசாக. அதற்குள் ஷப்னம் டீப் பையைத் தானே கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பின்சந்தின் கடைசிவரை போனாள். திரும்பினாள். வரும்போது ஒரு வீட்டு கேட்டுக்குள்ளிருந்து பந்து ஒன்று உருண்டு குறுக்கே வந்தது, அதன் பின்னாலேயே சின்னப் பிள்ளை ஒன்று. அய்யூப்புக்கு உயிரே போய்விட்டது. "ஷப்னம்!" என்று கத்தினார். ஷப்னம் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி வழுக்காமல், ஆடாமல், பிள்ளைக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றது. காலை ஊன்றி, குனிந்து, பந்தைப் பிள்ளையின் பக்கமாக உருட்டிவிட்டாள். கைப்பிடியில் டீப் பை முன்னும் பின்னும் ஒருமுறை லேசாக ஆடி நின்றது.

அவள் மறுபடி மிதித்துக்கொண்டு வந்தாள். இப்போதுதான் அய்யூப் பையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் டீ கட்டிய கைகள். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பையின் வாய் திறந்திருக்கவில்லை. முழு வாயையும் முறுக்கி, கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. 'இக்காட் மாத்தி'. குழம்பைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்பது. அந்தப் பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும், தூக்கிச் சுவரில் அடித்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது. கடைசிச் சுற்றை உள்ளே சொருகியிருந்த விதத்தைப் பார்த்தால் அது ஷாஹுலின் கைவேலை என்பதிலும் சந்தேகமில்லை.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவர் கடை டீ, அவர் கடைப் பை, அவரிடம் சம்பளம் வாங்குகிற மாஸ்டர், அவர் பெற்ற மகள். எல்லாம் சேர்ந்து அவரையே, அவர் தொழிலிலேயே ஏமாற்றப் பார்க்கின்றனவே! வாயைத் திறக்கப் போனார்.

ஷப்னம் வந்து எதிரே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். ஹெல்மெட்டுக்குக் கீழே காது மடலெல்லாம் சிவந்து, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் கிடைக்காது, ஏமாற்றினால்தான் கிடைக்கும் என்று பிள்ளையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது யார்? அவள் போடச் சொன்ன முடிச்சு பொய் என்றால், அவர் வைத்த டெஸ்ட் மட்டும் என்ன உண்மையா? கிள்ளானுக்குப் பிறகு கடை கடையாக அவர் சொன்னதெல்லாம் இதைவிடப் பெரிய பொய்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பையை எப்படிக் கட்டினாலும், வண்டி குலுங்கினால் உள்ளே டீ குலுங்கத்தான் செய்யும். அந்தப் பை குலுங்கவில்லை. பிள்ளை குறுக்கே வந்தபோதுகூட ஒரே ஒரு ஆட்டம்தான். நல்ல வண்டி. அதைவிட, நன்றாக ஓட்டுகிற பெண்.

"சிந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா."

"காட்டு."

பையைக் கழற்றிக் கொடுத்தாள். அய்யூப் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். முடிச்சுக்கு நேராகக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். கமலநாதனும் எட்டிப் பார்த்தார். முடிச்சைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, அய்யூப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போடுவது போலக் குனிந்துகொண்டார்.

"ஒரு சொட்டுகூடக் கொறையல" என்றார் அய்யூப். "எடுத்துருவோம்ணே. ஹெல்மெட்டு மட்டும் நல்லா ரோட்டுல தெரியுற மாதிரி ஆரஞ்சுல குடுங்க."

ஷப்னம் நம்பாமல் அவரைப் பார்த்தாள். அப்புறம் சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட மறந்து, அதைக் கமலநாதன் மேல் சாய்த்துவிட்டு, ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள். அய்யூப் ஒரு கையால் அவள் முதுகைத் தட்டினார். இன்னொரு கையில் டீப் பை. அந்த முடிச்சை அவிழ்க்க யாராலும் முடியாது. பையின் மூலையைப் பல்லால் கடித்து ஓட்டை போட்டு, முழுவதையும் குடித்து முடித்தார்.

"பாய்" என்றார் கமலநாதன், ரசீது எழுதியபடி. "அடுத்த தடவ ஸ்ட்ரா கொண்டாங்க."

திரும்பி வரும் வழியில் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பச்சை சைக்கிள். முன்னால் ஷப்னத்தின் வாய் ஓயவில்லை. மலர் டீச்சர், தமன்னா, மேம்பாலம், எந்தச் சந்தில் நுழைந்தால் நிழல் இருக்கும், சைக்கிளுக்குப் பேர் வைக்கலாமா என்று வழிநெடுக ஒரே பேச்சு. அய்யூப் மெதுவாக, எல்லோரும் ஹாரன் அடிக்கிற அளவுக்கு மெதுவாக ஓட்டினார். சந்தோஷமாக இருந்தது. கண்ணோரத்தில் கொஞ்சம் கரிக்கவும் செய்தது. இரண்டுக்கும் சேர்த்து "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கடையில் நுழைந்ததும் நேராக டீப் பட்டறைக்குப் போனார்.

"ஷாஹுலு, இன்னிக்கு டீயை ரொம்ப நல்லாக் கட்டியிருந்த."

ஷாஹுல் அப்போது இரண்டு குவளைகளுக்கு நடுவே டீயை இழுத்துக்கொண்டிருந்தான். பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் குறி தவறி, பாதி டீ அவன் காலில் போய் விழுந்தது. கல்லாவில் ரம்லத் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிந்திருச்சு. வேணாம்" என்று சொல்லிவிட்டு அய்யூப் கல்லுக்குப் போனார்.

மறுநாள் டீ நேரம். கடை நிரம்பி வழிந்தது. அய்யூப் ரொட்டி வீசிக்கொண்டிருந்தார், ஆனால் கண் ரோட்டில். ஆரஞ்சு ஹெல்மெட் வந்தது. ஷப்னம் கடை வாசலில் காலை ஊன்றி நின்று, வேண்டுமென்றே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"ஷாஹுல் மாமா, தே தாரிக் ஒண்ணு புங்குஸ், பையில கட்டிக் குடுங்க. இக்காட் தெப்பி!"

சொல்லிவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். இப்போது அவள் கண் எங்கும் ஓடி ஒளியவில்லை. அய்யூப்பும் அவளைப் பார்த்தார். முடிச்சை அவர் கண்டுகொண்டது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஷாஹுல் ஓர் ஓரத்தைத் தாராளமாகத் திறந்துவிட்டுக் கட்டிக் கொடுத்தான். விளிம்புவரை டீ. அவள் அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தாமானுக்குள் திரும்பும் சந்தில் மறைந்தாள். வேன் கடைக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. அய்யூப் மறுபடியும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கல்லில் உண்மையாகவே ரொட்டி கருகியது.

கொஞ்ச நேரத்தில் போன் முனகியது. மாவுக் கையாலேயே எடுத்துப் பார்த்தார். ஷப்னம் அனுப்பிய படம்: மண்டபத்தின் வாசல், பச்சை சைக்கிள், கைப்பிடியில் டீப் பை. கிளம்பும்போது எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் டீ. பின்னால் மண்டபக் கதவு பூட்டியே கிடந்தது. தமன்னாகூட வரவில்லை. கீழே ஒரு வரி: 'நான்தான் பர்ஸ்ட். மலர் டீச்சர் சாவி தேடிட்டு இருக்காங்க.'

அய்யூப் அந்தப் படத்தைக் கடையில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டினார். ரொட்டி கேட்டவர்களுக்கு முதலில் படம், அப்புறம்தான் ரொட்டி. லோரிக்காரர் ஒருவர் எந்த மாடல் சைக்கிள் என்று கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே ஷப்னம் திரும்பி வந்தாள். வியர்த்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. சைக்கிளை நிறுத்திவிட்டு, கைப்பிடியிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டு நேராகக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து, மாவு டின்னின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பை அப்படியே இருந்தது. அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"உங்களுக்குத்தான் வாப்பா. போறப்பயும் சிந்தல, வர்றப்பயும் சிந்தல" என்று நீட்டினாள். "டெஸ்ட்டு பாஸா?"

அய்யூப் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். டீ சில்லிட்டுக் கிடந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

"ஆறிப்போச்சு மொதலாளி" என்று ஷாஹுல் கையை நீட்டினான். "குடுங்க, கொட்டிட்டு வேற போடுறேன்."

"கைய எடுலா" என்றார் அய்யூப்.

கல்லுக்குக் கீழே நெருப்பைக் குறைத்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்து, பையில் ஸ்ட்ராவை விட்டு, ஆறிப்போன டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"அப்புறம்?" என்றார்.

ஷப்னம் காலை ஆட்டிக்கொண்டே, மேம்பாலம் ஏறியதிலிருந்து ஆரம்பித்தாள்.